ரொம்மனில் பிடித்துக்கொண்ட இடுப்பு

ஒஸ்லோவுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, பொம்பிளை பார்க்க.

என் ஒரே மகன் பிரதீபனுக்கு முப்பத்தொரு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் என்னோடுதான் இருக்கிறான். அவனுடைய அப்பா காலமான பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பொம்பிளை வீட்டார் நோர்வேயில். கலியாணம் சரிவந்தால் அவனும் அங்கே போய்விடுவான். "நீங்கள் போய்ப் பாருங்கோ அம்மா. நீங்கள் ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை" என்று சொல்லி என்னை விமானம் ஏற்றிவிட்டான். முப்பது வருடம் தபாற்கந்தோர் கவுண்டரில் இருந்தவள் நான். எத்தனையோ பேருடைய பார்சலுக்கு முத்திரை குத்தி வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். சொந்தப் பிள்ளையை அப்படி அனுப்புவதற்கு மட்டும் எனக்கு ஒருவரும் பயிற்சி தரவில்லை.

மோர்டென்ஸ்ருட் என்ற இடத்தில், சுரங்க ரயில் முடிகிற கடைசித் தரிப்பில், என் ஒன்றுவிட்ட தம்பி ரவி வீட்டில் தங்கினேன். ஐப்பசி மாதம். மழை நம்மூர் மழைபோல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. கடன்காரன்போல வாசலிலேயே நிற்கும். மாடி ஏறும் லிப்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ரவி வாயைப் பிளந்துவிட்டான். "'இண்டைக்கும் மழை' எண்டு சொல்லுறா அக்கா. ஏழு வருசமா ஒரே லிப்டிலை போறம். வாய் திறந்தது இண்டைக்குத்தான். உங்களுக்காகத்தான்." வெள்ளவத்தையில் ஏழு வருடம் ஒரே மாடியில் இருந்தால் பக்கத்து வீட்டின் கொலஸ்ட்ரோல் அளவுகூட நமக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ரொம்மனுக்குப் போனோம். அது நகரத்தின் மற்ற மூலை. தாய் கமலா, தகப்பன் சிவநேசன், பிள்ளை தர்ஷினி. மூவரும் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே போக முன் எங்கள் குடும்பத்துச் சட்டம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் முடிவாகும்வரை பொம்பிளை வீட்டில் கை நனைக்கக்கூடாது. தேத்தண்ணி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம். சோற்றில் கைவைத்தால் சம்மதம் என்று அர்த்தம். கமலாவும் எங்கள் பக்கத்து ஆள்தான், அவளுக்கும் இது நன்றாகத் தெரியும். குசினியிலிருந்து வந்த மணத்தைப் பார்த்தால் பத்துப் பேருக்குச் சமைத்திருப்பதுபோல் இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு துண்டு பயத்தம்பணியாரத்தோடு நிறுத்தினேன்.

என்னை இருத்திய சோபா நிலத்தோடு நிலமாக இருந்தது. பிள்ளை சேலை கட்டி வந்து தேத்தண்ணி தந்தாள், போனாள். நல்ல முகம். கொஞ்ச நேரம் ரவியும் சிவநேசனும் காலநிலையை அலசினார்கள். பிறகு கமலா முன்னுக்கு நகர்ந்து, எல்லோரும் காத்திருந்த கேள்வியைக் கேட்டாள். "எங்கடை பிள்ளையைப் பிடிச்சிருக்கோ அக்கா?"

பதில் சொல்ல முன் கோப்பையைக் கீழே வைப்போம் என்று குனிந்தேன். இடுப்பின் அடியில், எலும்பும் எலும்பும் பொருந்துகிற இடத்தில், 'கடக்' என்று ஒன்று.

"ஐயோ!" என்றேன்.

கமலாவின் முகம் விழுந்தது. "பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சிட்டுது," என்றேன்.

முகம் மலர்ந்தது. "பிள்ளையையோ?"

"இடுப்பு!"

அதற்குப் பிறகு நடந்தது மானக்கேடு. ரவியும் சிவநேசனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்க, நான் சோபாவில் இருந்த அதே கோணத்தில் அப்படியே எழும்பினேன். ரவியின் கார் இரண்டு கதவுக் கார். அதற்குள் என்னை நுழைக்க மூன்று விதமாக முயன்றார்கள், நாலாவதுக்கு நான் சம்மதிக்கவில்லை. ரவிக்கு ஐந்து மணிக்கு வேலை. "அக்கா இஞ்சையே இருக்கட்டும், நான் பிறகு வாறன்" என்று பார்சலை ஒப்படைத்தவன்போல் போய்விட்டான். பொம்பிளை பார்க்க வந்தவள் பொம்பிளை வீட்டு வரவேற்பறையிலேயே படுக்கை விரித்தேன்.

திங்கட்கிழமை முழுக்க முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பெரிய பிரச்சினை பசி. பிஸ்கட்டில் எத்தனை வேளை ஓட்டுவது? மத்தியானம் கமலா சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். சட்டத்தைத் துருவிப் பார்த்து ஓர் ஓட்டை கண்டுபிடித்தேன். கை நனைக்கக்கூடாது என்றுதானே இருக்கிறது? கரண்டி கேட்டேன். கமலா கரண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நீட்டினாள். நான் மல்லாக்கக் கிடந்தபடி வெள்ளைக்காரிபோல் சோறு சாப்பிட்டேன். பாதி கழுத்துக்குள் போனது.

பின்னேரம் சிவநேசன் பக்கத்தில் வந்து இருந்தார். அவருக்குக் களஞ்சியமொன்றில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. "இஞ்சத்தை டொக்டரிட்டைப் போனால் பனடோலும் நடையும்தான் அக்கா. என்ரை இடுப்பு விழேக்கை ஒரு சீனப் பொம்பிளைதான் ஊசி குத்தி எழுப்பினவ. நாளைக்கே போங்கோ. தர்ஷினி வருவாள், மொழி சொல்ல."

செவ்வாய்க்கிழமை தர்ஷினி காற்சட்டையும் மழை அங்கியும் போட்டுக்கொண்டு வந்தாள். என் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, என் வேகத்துக்கே ரயில் மேடைவரை நடந்தாள். வண்டி வந்து நின்றதும் அதை ஓட்டி வந்தவன் கண்ணாடிக்குள்ளால் இவளுக்குக் கை காட்டினான்.

"தெரிஞ்ச ஆளோ?"

"என்னோடை வேலை செய்யிறவர் அன்ரி."

"நீ ஒப்பீசிலை எல்லோ?"

"இல்லை அன்ரி. நானும் ஓட்டிறனான்."

கலியாணத் தரகர் எழுதியிருந்தது 'ரயில்வேயில் உத்தியோகம்' என்று. நான் கோப்புகளோடு ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கிற பிள்ளையைத்தான் மனதில் வைத்திருந்தேன். இவளோ வண்டியையே ஓட்டுகிறாள், சுரங்கத்துக்குள்ளே, ஊர்ச்சனத்தையெல்லாம் பின்னுக்கு வைத்துக்கொண்டு! "பயமில்லையோ?" என்று கேட்டேன். "கதவு பூட்டேக்கை மட்டும் பயம்" என்றாள்.

அதன் அர்த்தம் இறங்கும்போது விளங்கியது. அவள் மேடையில் கால் வைத்துவிட்டாள். நான் இடுப்பைக் கேட்டு, இடுப்பு என்னைக் கேட்டு, ஓரடி எடுத்துவைக்க முன் கதவு மூடிக்கொண்டது. வெளியே அவள், உள்ளே நான். அவள் ஓட்டுநரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கதவு மறுபடி திறந்தது. ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தான். வண்டி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. லிப்டில் ஏழு வருடம் பேசாத அந்தச் சாதிச் சனத்தில் இரண்டு பேர் எழுந்து வந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து, கண்ணாடிப் பாத்திரத்தை இறக்குவதுபோல் என்னை இறக்கிவிட்டார்கள். ஒருவர் காதோடு ஏதோ சொன்னார். "'ஆறுதலா, நேரம் கிடக்கு' எண்டு சொல்லுறார்" என்றாள் தர்ஷினி. கொழும்புக் காலி வீதி பஸ்ஸாக இருந்திருந்தால் என் ஒரு கால் தார் ரோட்டில் படுமுன் மற்றக் கால் அடுத்த தரிப்புக்குப் போயிருக்கும்.

"மைக்கிலை என்ன சொன்னவன்?"

"'ஒரு அம்மாவுக்கு இடுப்பு ஏலாது, அவ இறங்கும்வரை வண்டி போகாது' எண்டு."

ஒஸ்லோ நகரம் முழுக்க என் இடுப்பை அறிந்துவிட்டது.

சீன மருத்துவர் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தார். என் வயதுதான் இருக்கும். பெயர் லின். குட்டையான, சிரிக்காத மனுஷி. முதலில் நாக்கை நீட்டச் சொன்னார். மருமகளாக வரப்போகிறவளோ என்னவோ, அவள் முன்னால் நாக்கை நீட்டினேன். பிறகு மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். அது எங்கள் ஊர் வைத்தியப் பரியாரிமார் பார்க்கிற மாதிரியே இருந்ததால் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தைக் கேள்விகள் அழித்தன.

"இரவிலை எத்தினை தரம் ஒண்டுக்குப் போறனீங்கள் எண்டு கேக்கிறா அன்ரி."

சொன்னேன்.

"மற்றது ஒழுங்காப் போகுதோ எண்டு கேக்கிறா."

சம்பந்தம் பேச வந்த இடத்தில் என் மலச்சிக்கலைப் பேசவேண்டி வந்தது. தர்ஷினி முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அடுத்த தரிப்பின் பெயரை அறிவிப்பதுபோல் எல்லாவற்றையும் நோர்வேஜிய மொழியில் அறிவித்தாள்.

கடைசியில் லின் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குளிரும் ஈரமும் மூட்டுக்குள் போயிருக்கிறதாம். இடுப்பு சிறுநீரகத்தின் வீடாம். அது மெலிந்தால் பயம் வருமாம், பயம் வந்தால் அது மெலியுமாம். "எதுக்குப் பயப்பிடுறீங்கள் எண்டு கேக்கிறா."

"பனிக்கு," என்றேன் உடனே. "வழுக்கி விழுந்திடுவன் எண்டு."

லின் யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஐப்பசி மழை. பனி விழ இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது. கட்டிலைக் காட்டினார்.

குப்புறப் படுக்கவேண்டும். முகம் வைக்க அந்தக் கட்டிலில் ஒரு ஓட்டை. ஒன்பது ஊசி ஏற்றினார். நோவு இல்லை, எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. ஏதோ இலையைச் சுருட்டுப்போல் கொளுத்தி ஊசிக்குக் கிட்டப் பிடித்தார். சாம்பிராணிக்கும் காய்ந்த வேப்பிலைக்கும் நடுவில் ஒரு மணம். பிறகு கண்ணாடிக் குடுவைகளைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச வைத்துவிட்டு, இருபது நிமிடம் அசையக்கூடாது என்று போய்விட்டார். ஓட்டைக்குள்ளால் எனக்குத் தெரிந்தது தர்ஷினியின் சப்பாத்து மட்டும். கறுப்புச் சப்பாத்து, நாடா இரட்டை முடிச்சு. ஒழுங்கான பிள்ளை. பொம்பிளை பார்க்கக் கடல்கடந்து வந்தவள், பார்க்கவேண்டிய நேரத்தில் சப்பாத்தைப் பார்த்துத்தான் கதைத்தேன்.

"சமைப்பியோ பிள்ளை?"

"முட்டை பொரிப்பன்."

"பிரதீபனோடை கதைச்சனியோ?"

"ரண்டு தரம். ரண்டு தரமும் அம்மா எனக்குப் பக்கத்திலை நிண்டவ. அவருக்குப் பக்கத்திலை நீங்கள் நிண்டனீங்கள் அன்ரி. நீங்கள் மூச்சு விடுறது இஞ்சை கேட்டது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஒன்பது ஊசியும் சேர்ந்து சிரித்தன. "அசையாதேங்கோ!" என்று சப்பாத்துகள் ஓடி வந்தன. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான். பிடிக்காமல் போயிருந்தால் எவ்வளவு சுகம்!

வரும்போது லின் மூன்று பொட்டலம் தந்தார். நாளுக்கு ஒன்றாக அவித்துக் குடிக்கவேண்டும். வீட்டில் தர்ஷினி அவற்றைக் குசினி மேசையில் வைத்தாள். புதன்கிழமை விடிய அவளுக்கு வேலைமுறை, போய்விட்டாள்.

கமலா பொட்டலத்தைப் பிரித்து மூக்கில் வைத்தாள். கறுவாப்பட்டை, காய்ந்த இஞ்சி, அதிமதுரம்போல் ஒன்று, சுண்டங்காய் வற்றல்போல் சுருங்கிய சிவந்த குட்டிப் பழங்கள், முறித்தால் வெள்ளை நூல் இழுபடுகிற ஒரு பட்டை. "அக்கா, இது எங்கடை சரக்கெல்லோ!" என்றாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியத்துக்கு அரைத்துப் போடுகிற சரக்கை நினைத்துக்கொண்டு சொல்கிறாள். "அவிச்சுக் குடிச்சு ஆர் அனுபவிக்கிறது? அரைச்சு மீனுக்குப் போட்டால் சோத்தோடை தானா இறங்கும்." மூன்று பொட்டலத்தையும் ஒன்றாகக் கொட்டி அரைத்தாள். என்னால் தடுத்திருக்க முடியும். ஆனால் இரண்டு நாள் கரண்டிச் சாப்பாடு மனுஷரை எந்த நிலைக்கும் கொண்டுவந்துவிடும்.

அவள் போட்டது சல்மன் மீன் தலை. இங்கே கடைக்காரர் தலையைக் கிட்டத்தட்ட சும்மா கொடுக்கிறார்கள். தின்னத் தெரியாத சனம். மத்தியானம் கறுத்துத் திரண்ட குழம்பில் அந்தத் தலை என்னைப் பார்த்துக்கொண்டு வந்தது. கரண்டியால் தட்டினேன், வழுக்கியது. கரண்டியால் கிண்டினேன், கன்னத்துச் சதை எலும்புக்குள் ஒளிந்தது. மீன் தலைக்கு முன்னால் எந்தச் சட்டமும் நிற்காது. கரண்டியை வைத்துவிட்டுக் கையோடு இறங்கினேன். கண்ணை உறிஞ்சி, முள்ளை வழித்து, கடைசியில் விரலையும் சூப்பி நிமிர்ந்தபோது கமலா சுவரோடு சாய்ந்து, கண் கலங்க என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றாள், "கை நனைச்சிட்டியள்."

நான் வாய் திறக்க முன் அவள் தொலைபேசியைத் திறந்துவிட்டாள். "டேய் ரவி, உன்ரை அக்கா கை நனைச்சிட்டா!" பத்து நிமிடத்தில் துரொண்ட்ஹெய்ம் என்ற ஊரிலிருந்து கமலாவின் பெரியம்மா ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கலியாண மண்டப வசதி பற்றிப் பேசினார். சிவநேசன் வேலையால் வந்து அதே குழம்பை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். பிறகு உடம்பெல்லாம் வேர்த்து, ஒருவரும் கேட்காமலே வீட்டின் யன்னல் எல்லாவற்றையும் துடைக்கத் தொடங்கினார். சந்தோஷமோ சரக்கோ, எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு தர்ஷினி சீருடையோடு வந்தாள். தாய் கட்டிப்பிடித்தாள். அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எனக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கள் சாப்பிட்டது மீன் தலைதானே அன்ரி?"

எனக்கு வெட்கமாகிப்போனது. என்னையும் ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை, அவளையும் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மீன் கேட்டது, நான் பதில் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை மறுபடி லின்னிடம். அன்று ரயில் கதவால் நானாகவே இறங்கினேன். மருந்து அவித்தீர்களா என்று கேட்டார். தர்ஷினி ஒரு நீளமான விளக்கம் கொடுத்தாள். நடுவில் கையால் மீன் தலையும் காட்டினாள். சிரிக்காத அந்த மனுஷி மேசையில் கவிழ்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யார் யார் சாப்பிட்டார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று கவனமாகக் கேட்டார். ஆபத்தில்லை, ஆனால் இனி அப்படிச் செய்யவேண்டாம், ஆண்களுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்றார். "அப்பா இப்ப கூரையிலை நிக்கிறார்" என்று தர்ஷினி தமிழில் எனக்குச் சொன்னாள்.

மறுபடி குப்புற. மறுபடி ஊசி. போக முன் லின் குனிந்து அதே கேள்வியைக் கேட்டார். தர்ஷினி மொழிபெயர்க்கத் தேவையில்லை, எனக்கே விளங்கிவிட்டது.

முகம் தெரியாத இடத்தில் உண்மை லேசாக வரும். ஓட்டைக்குள்ளால் நிலத்தைப் பார்த்துச் சொன்னேன். "என்ரை பிள்ளை இஞ்சை வந்திட்டால் நான் அங்கை தனிய. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ஒருத்தரும் இருக்கமாட்டினம். அதுதான் பயம்."

சப்பாத்துகள் ஓரடி கிட்ட வந்தன. அவள் அதை மொழிபெயர்த்தாள். குரல் அறிவிப்புப்போல் இல்லை. லின் பதில் சொன்னார்.

"என்ன சொல்லுறா?"

"அதுக்கு ஊசி இல்லையாம் அன்ரி. சொல்லவேண்டிய ஆளுக்குச் சொல்லட்டாம்."

வீட்டுக்கு வந்ததும் டெலிபோன் கார்ட்டைச் சுரண்டி, அதிலிருந்த எண்ணை அழுத்திக் கொழும்புக்கு எடுத்தேன். கமலா வழக்கம்போல் பக்கத்தில் வந்து நின்றாள். கைகாட்டி அப்பால் போகச் சொன்னேன். பிரதீபன் எடுத்தான். ரவி ஏற்கெனவே அவனுக்குச் சொல்லியிருந்தான். "கை நனைச்சிட்டியளாம்" என்றான். குரலில் உயிர் இல்லை.

"பிரதீபன், உன்னட்டை ஒண்டு சொல்லவேணும். நீ வந்திட்டால் நான் தனிய இருக்கப் பயப்பிடுறன்."

கார்ட்டில் காசு முடிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மா, நீங்கள் இல்லை எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சுத்தான் அனுப்பினனான். உங்களை விட்டிட்டு வர எனக்கும் பயம். நீங்கள் இல்லை எண்டு சொல்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

முடிவு என் கையில் வந்து விழுந்துவிட்டது. ஒரே ஒரு சொல். சொன்னால் அவன் என் காலம்வரை வெள்ளவத்தையில் இருப்பான். எனக்குப் பனடோல் எடுத்துத் தருவான், பின்னேரம் என்னோடு நாடகம் பார்ப்பான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது வேண்டும்போல் இருந்தது. வாய் திறந்தும்விட்டேன். அப்போது தர்ஷினி கதவடியில் நின்று, தேத்தண்ணி வேணுமோ என்று சைகையால் கேட்டாள். தலைமயிர் நனைந்திருந்தது. காலையிலிருந்து என்னைத் தோளில் சுமந்து திரிந்த பிள்ளை. எனக்காக முப்பத்தொரு வயதுப் பிள்ளையை நாடகத்துக்கு முன்னால் இருத்தி வைத்திருப்பதா?

"பொறு," என்று சொல்லி, ரிசீவரை அவள் கையில் வைத்தேன். "நீயும் அவனும் கதையுங்கோ பிள்ளை. பிடிச்சால் பிடிச்சுது, பிடிக்காட்டி நான் மீன் தலை சாப்பிட்டதோடை போகட்டும்." வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் தெரிந்தது, ஒருவரையும் பிடிக்காமல் நடந்து வந்திருக்கிறேன் என்று.

அறைக்கு வெளியே ஒடுங்கிய நடைக்குள் நின்றேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், பெரிதாக. என் மகன் பகிடி விட்டிருக்கிறான். வீட்டில் அவன் பகிடி விட்டால் "சாப்பாடு ஆறுது" என்று சொல்கிறவள் நான். மூன்றாவது தரம் அவள் சிரித்தபோது அவன் இங்கே வந்துவிடுவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

குசினியிலிருந்து கமலா ஓடி வந்தாள். "ஐயோ அக்கா! திரும்பவும் இடுப்போ?"

இடுப்பு அப்போது துளியும் நோகவில்லை.

"ஓம் கமலா," என்றேன். "இடுப்புத்தான்."